மணிக்கணக்கா பாட்டு கேக்க ஹெட்போன் வாங்கப் போறீங்களா? எதை முதல்ல பாக்கணும், எதை கடைசியா பாக்கணும்

ஹெட்போன் வாங்கணும்னு வர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது "எதுல சவுண்டு நல்லாருக்கும்"னுதான். அதை மாட்டிக்கிட்டு ரெண்டரை மணி நேர கச்சேரி ரெக்கார்டிங் ஒன்னை நடுவுல கழட்டாம கேக்க முடியுமான்னு கேக்குறவங்க ரொம்ப கம்மி. ஆனா வாங்கின கொஞ்ச நாள்லயே அலமாரிக்குள்ள போற ஹெட்போனை எடுத்து விசாரிச்சா, சவுண்டு மோசம்னு யாரும் சொல்றதில்ல, உச்சி வலிக்குது, காது வேகுது, கண்ணாடி அழுத்துது, இதுதான் காரணமா இருக்கும்.

அதனால இங்க வரிசையை மாத்திப் போட்டிருக்கேன். முதல்ல உங்க உடம்பு, அப்புறம் உங்க வீடு, அப்புறம் வெயிட்டு, பேட் (காதைச் சுத்தி உக்கார்ற மெத்தை), கடைசிலதான் சவுண்டு. காதை முழுசா மூடுற பெரிய ஹெட்போன், வீட்ல உக்காந்து கேக்குறதுக்கு, இது மட்டும்தான் கணக்கு. பஸ்ல போட்டுக்க, மீட்டிங் பேச, ஓடும்போது போட்டுக்கன்னா அதுக்கு பாக்க வேண்டியதே வேற.

1. கடைக்குப் போறதுக்கு முன்னாடி: வலி எங்க ஆரம்பிக்குதுன்னு கண்டுபிடிங்க

வீட்ல ஏதாவது பழைய ஹெட்போன் இருக்கும், இல்லன்னா ஃபிரண்டுகிட்ட ஒரு சாயங்காலம் கடன் வாங்குங்க. மாட்டிக்கிட்டு வழக்கமா கேக்குற மாதிரி கேளுங்க, எப்ப கழட்டணும்னு தோணுதோ அப்ப கழட்டிட்டு, எந்த இடம் முதல்ல தொந்தரவு பண்ணுச்சுன்னு எழுதி வெச்சுக்கோங்க. முதல்ல வந்தது எதுங்கறதுதான் முக்கியம், ஏன்னா ஒரு மணி நேரம் கழிச்சு எல்லா இடமும்தான் வலிக்கும்.

உச்சந்தலைல வலின்னா வெயிட்டு இல்ல ஹெட்பேண்ட் பிரச்னை. காது மடல் நுனி எரியுதுன்னா கப்புக்குள்ள இடம் பத்தல. காதுக்குக் கீழ தாடை ஓரம் வலின்னா ரெண்டு கப்பும் தலையை நெருக்குற அழுத்தம், அதாவது கிளாம்ப், அதிகம். காதுக்கு மேலயும் பின்னாடியும் கோடு போட்ட மாதிரி வலின்னா கண்ணாடிக் கால். எங்கயும் வலி இல்ல, வேர்வையும் இல்ல, ஆனாலும் கழட்டி வெச்சா நிம்மதியா இருக்குன்னா அது சவுண்டு சம்பந்தப்பட்டது, அதுக்கு ஆறாவது பகுதில வர்றேன்.

இதைச் செய்யாம நேரா ரிவ்யூ பாக்கப் போறவங்கதான் அதிகம் மாட்டிக்கிறாங்க. ரிவ்யூ பண்றவர் "ரொம்ப கம்ஃபர்ட்டபிள்"னு சொல்றது அவரோட தலைக்கு. அவருக்கு கண்ணாடி இருக்கா, தோடு இருக்கா, காது பெருசா சின்னதான்னு நமக்குத் தெரியாது.

2. காதையும் தலையையும் அளந்துக்கோங்க

சிரிக்காதீங்க, ஸ்கேல் எடுத்து அளக்கச் சொல்றேன். மூணு அளவு போதும். காது மேல் நுனில இருந்து கீழ் நுனி வரைக்கும் உயரம், அகலம், அப்புறம் காது தலைல இருந்து எவ்வளவு தூரம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்குங்கறது. மூணாவதை நீங்களே அளக்க முடியாது, வீட்ல யாரையாவது பின்னாடி நின்னு பாக்கச் சொல்லுங்க.

பெரியவங்களுக்கு காது உயரம் சாதாரணமா 6 சென்டிமீட்டர் பக்கம் இருக்கும், வயசாக ஆக இன்னும் கொஞ்சம் நீளும். பேட்டோட உள்பக்க ஓட்டை இதை விட கொஞ்சம் பெருசா இருக்கணும். சென்ஹைசர் ஹெச்டி 600 மாதிரி நீள்வட்ட பேட்ல காது நிமிர்ந்து உக்காந்துக்கும், பேயர்டைனமிக் டிடி 770, டிடி 990 மாதிரி வட்ட பேட்ல பெரிய காதுன்னா மேலயும் கீழயும் இடிக்கும். டிடி சீரிஸ் பேட் ரொம்ப மெத்துனு இருக்கறதால நிறைய பேருக்கு இடிச்சாலும் உறுத்தாது, அது வேற விஷயம்.

எல்லாரும் கோட்டை விடுறது ஆழத்தைத்தான். அகலம் சரியா இருக்கும், ஆனா உள்ள காது மடல் போய் ஸ்பீக்கரை மூடியிருக்குற துணில உரசும். முதல் பத்து நிமிஷம் ஒன்னும் தெரியாது, அப்புறம் ஒரே இடத்துல உரசி உரசி அந்த இடம் சூடாகி, தொட்டாலே வலிக்கும். சோனி எம்டிஆர் 7506, ஆடியோ டெக்னிக்கா ஏடிஹெச் எம்50எக்ஸ் ரெண்டும் ஸ்டுடியோல ரொம்ப பேர் வெச்சிருக்குற மாடல், ஆனா ரெண்டுலயுமே பேட் மெல்லிசு, காது வெளிய நீட்டிக்கிட்டு இருக்குறவங்களுக்கு வாங்கின பேட்லயே காலம் தள்ளுறது கஷ்டம்.

கண்ணாடி போடுறவங்க கண்ணாடியோடதான் பாக்கணும். தடிமனான பிளாஸ்டிக் கால்னா பேட் அதை அழுத்தும், அதோட பேட்டுக்கும் தலைக்கும் நடுவுல சின்னதா ஒரு சந்து விழும், அந்த சந்து வழியா பேஸ் போயிடும். "இந்த ஹெட்போன்ல பேஸே இல்ல"ன்னு சொல்றவங்கள்ல சில பேர் கண்ணாடி போட்டவங்களா இருப்பாங்க. கழட்டிட்டுக் கேட்டா வித்தியாசம் உடனே தெரியும்.

தோடு போட்டிருந்தா அதையும் கணக்குல எடுங்க. ஒட்டுன மாதிரி இருக்குற கல் தோடுன்னா பேட்டுக்குள்ள அடங்கிடும், பிரச்னை பின்னாடி இருக்குற திருகுதான், பேட் காதை உள்ள தள்ளும்போது அது கழுத்துப் பக்கம் குத்தும். ஜிமிக்கின்னா கழட்டிடுங்க, வேற வழியில்ல. கொண்டை போடுறவங்க ஹெட்பேண்ட் போற இடத்துல கொண்டை வருதான்னு பாத்துக்கோங்க, கொஞ்சம் பின்னாடி இறக்கிப் போட்டா போதும்.

3. எங்க உக்காந்து கேப்பீங்க, மேல ஃபேன் ஓடுமா?

ஓப்பன் பேக்கா க்ளோஸ்ட் பேக்கான்னு முடிவு பண்றது இந்த இடத்துலதான், சவுண்டு ரிவ்யூவை வெச்சு இல்ல. க்ளோஸ்ட் பேக்னா கப்போட பின்பக்கம் மூடியிருக்கும். ஓப்பன் பேக்னா அது வலை மாதிரி திறந்திருக்கும், காத்து உள்ள வெளிய போகும், அதனால காது சூடாகுறது கம்மி, சவுண்டும் தலைக்குள்ள அடைஞ்சு கெடக்காம வெளிய இருந்து வர்ற மாதிரி இருக்கும். ரொம்ப நேரம் கேக்குறதுக்கு என்னைக் கேட்டா முதல்ல இதைத்தான் சொல்லுவேன்.

ஆனா அந்த வலை வழியா ரெண்டு பக்கமும் சத்தம் போகும். நீங்க கேக்குற பாட்டு பக்கத்துல படுத்திருக்குறவங்களுக்கு கேக்கும், வெளி சத்தம் உங்களுக்குக் கேக்கும். நம்ம ஊர்ல இது சின்ன விஷயமில்ல, சித்திரை வைகாசில தலைக்கு மேல ஃபேன் அஞ்சுல ஓடும், அடுக்களைல குக்கர் விசில் அடிக்கும், ஹால்ல சீரியல் ஓடும். அதையெல்லாம் தாண்டிக் கேக்கணும்னு வால்யூமை ஏத்திக்கிட்டே போனா ஓப்பன் பேக்கோட லாபமெல்லாம் அங்கயே போச்சு. ஒரு டெஸ்ட்டு இருக்கு: நீங்க கேக்குற நேரத்துல, கேக்குற இடத்துல, ஒரு தம்புரா மாதிரி மெல்லிசான சத்தத்தை போன் ஸ்பீக்கர்ல கம்மியா வெச்சு உக்காந்து பாருங்க. அது ஓரளவு தெளிவா கேட்டா ஓப்பன் பேக் தாராளமா வாங்கலாம். ஃபேன் சத்தத்துல முழுகிப் போச்சுன்னா க்ளோஸ்ட் பேக்குக்குப் போங்க, இல்ல ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம்தான் கேப்பேன்னா ரூம்ல கூட யாரு படுக்குறாங்கன்னு யோசிச்சுக்கோங்க.

நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் இதுக்கு ஒரு வழிதான், ஃபேன் மாதிரி ஒரே சீரா வர்ற சத்தத்தை நல்லாவே அடக்கும். ஆனா சிலருக்கு அதை ஆன் பண்ணா காதுக்குள்ள மலை ஏறும்போது அடைக்குற மாதிரி ஒரு உணர்வு வரும். அது உங்களுக்கு வருமா வராதான்னு போட்டுப் பாத்தாதான் தெரியும், வந்துச்சுன்னா பழகிடும்னு நம்பி வாங்காதீங்க.

உக்கார்ற விதமும் இங்கயே பாத்துடணும். ஈஸி சேர்ல சாஞ்சோ, கட்டில்ல தலகாணி வெச்சு சாஞ்சோ கேக்குறவங்களுக்கு பெரிய கப் பின்னாடி இடிச்சு முன்னாடி தள்ளும், ஹெட்போன் நெத்திக்கு வந்துரும். அவங்களுக்கு கப் சின்னதா, கிளாம்ப் கொஞ்சம் கெட்டியா இருக்கறது நல்லது. ஒருக்களிச்சுப் படுத்துக் கேக்கணும்னா இந்த மாதிரி ஹெட்போனே வேண்டாம், இயர்போன் பாருங்க.

4. வெயிட்டையும் கிளாம்ப்பையும் சேர்த்துப் பாருங்க

ஹெட்போன் தலைல நிக்கறதுக்கு ரெண்டே பிடிமானம்தான். ஒன்னு உச்சில உக்கார்ற ஹெட்பேண்ட், இன்னொன்னு பக்கவாட்டுல கன்னத்தைப் பிடிச்சுக்குற பேட். ஒன்னு வேலை செய்யலன்னா மொத்த பாரமும் இன்னொன்னு மேல விழும். இதைப் புரிஞ்சுக்காம "தாடை வலிக்குது"ன்னு கிளாம்ப்பை ரொம்ப தளர்த்தி, அடுத்த வாரமே "உச்சி வலிக்குது"ன்னு வர்றவங்க நிறைய பேர்.

கிராம் கணக்கு பெட்டிலயும் கம்பெனி சைட்லயும் இருக்கும். சென்ஹைசர் ஹெச்டி 560எஸ் 240 கிராம், ஹெச்டி 599 சுமார் 250, டிடி 770 ப்ரோ 270, சோனி டபிள்யூஹெச் 1000எக்ஸ்எம்5 சுமார் 250. இந்த ரேஞ்ச்ல இருக்கறது பெரும்பாலானவங்களுக்கு ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரம் தாங்கும். ஹைஃபைமேன் சுந்தரா 372 கிராம், ஆப்பிள் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385 கிராம் கிட்ட, இதெல்லாம் ஹெட்பேண்ட் நல்லா இருந்தாதான் தாங்கும். ஆடிஸீ எல்சிடி எக்ஸ் மாதிரி சில ப்ளேனர் (காந்தத்துக்குப் பக்கத்துல மெல்லிசு தகடு அதிர்ந்து சவுண்டு தர்ற வகை) மாடல்கள் 600 கிராமுக்கு மேல போகும், உள்ள பெரிய பெரிய காந்தம் இருக்கறதால அந்த வெயிட்டு, சவுண்டு அருமையா இருக்கும்தான், ஆனா கழுத்து உங்களோடது.

என்னோட கணக்கு இது: முதல் ஹெட்போன் வாங்குறவங்க 300 கிராமுக்குள்ள பாருங்க. அதுக்கு மேல போறதுன்னா ஹெட்பேண்ட்ல தொங்குற பட்டை இருக்கணும். சட்டத்துக்கு அடியில தனியா ஒரு தோல் இல்ல துணிப் பட்டை தொங்கும் பாத்திருப்பீங்க, அது தலையோட வளைவுக்கு ஏத்த மாதிரி படிஞ்சு வெயிட்டைப் பரப்பி விடும். சாதாரண திண்டு வெச்ச ஹெட்பேண்ட்ல உச்சில ஒரே ஒரு இடத்துல மட்டும் அழுத்தும், தலை வடிவம் கொஞ்சம் கூம்பா இருக்குறவங்களுக்கும் முடி கம்மியா இருக்குறவங்களுக்கும் அது சீக்கிரம் தெரியும். பட்டை இருந்தாலே போதும்னும் இல்ல, ஏகேஜி கே 701ல ஆரம்பத்துல வந்த பீஸ்ல பட்டைக்கு அடியில வரிசையா புடைப்பு இருக்கும், அது உச்சில குத்துதுன்னு ரொம்ப பேர் புலம்பி அப்புறம் தட்டையான பட்டை வந்துச்சு.

கிளாம்ப்புக்கு யாரும் சரியா நம்பர் போட மாட்டாங்க, போட்டாலும் உங்க தலை அகலத்தைப் பொறுத்து மாறும். ஹெச்டி 600, 650 புதுசுல நல்லாவே இறுக்கும், போகப் போகத்தான் தளரும். அதனால புது பீஸ் கொஞ்சம் இறுக்கமா இருக்கறதைப் பாத்து பயப்பட வேண்டாம், ஆனா புதுசுலயே லூஸா இருந்தா அது இன்னும் லூஸாதான் ஆகும். குனிஞ்சு செருப்பு மாட்டுற மாதிரி குனிஞ்சு பாருங்க, கழண்டு விழக்கூடாது, நகரலாம்.

5. பேட்: துணியா ரெக்சினா

தோல்னு பெட்டில போட்டிருந்தாலும் பெரும்பாலும் ரெக்சின்தான். ரெக்சின் நல்லா அடைச்சுப் பிடிக்கும், வெளி சத்தம் கம்மியாகும், பேஸ் நிக்கும், ஆனா வேர்க்கும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம்னு கடலோரத்துல இருக்குறவங்களுக்கு இன்னொரு தலைவலி, ஈரக்காத்துல அந்த மேல்பூச்சு தானா உதிரும், நீங்க பயன்படுத்தாம பெட்டில வெச்சிருந்தாலும் உதிரும். கறுப்பு கறுப்பா காதுல ஒட்டிக்கும்.

வெலூர்னு சொல்ற வெல்வெட் மாதிரி துணி பேட் காத்து விடும், கண்ணாடிக் காலைச் சுத்தி அமுங்கிக் கொடுக்கும். எனக்கு நம்ம ஊர் வெயிலுக்கு இதுதான் பிடிக்கும். குறைன்னு பாத்தா தூசியும் முடியும் ஒட்டும், அப்புறம் தலைக்கு எண்ணெய் வெக்கிறவங்கன்னா அந்த எண்ணெயை நல்லா உறிஞ்சிக்கும், நாலு மாசத்துல பிசுபிசுன்னு ஆகி வாடை வரும். எண்ணெய் வெச்ச அன்னைக்கு ஹெட்பேண்ட் மேல ஒரு பழைய பருத்தித் துணியைச் சுத்திக்கோங்க, பேட் படுற இடத்தை டவலால துடைச்சுக்கோங்க.

வாங்குறதுக்கு முன்னாடி கண்டிப்பா பாக்க வேண்டியது, பேட்டைக் கழட்ட முடியுமா, மாத்து பேட் கிடைக்குமா. சிலதுல கப்போட சேர்த்து ஒட்டியே வெச்சிருப்பாங்க, பேட் போனா ஹெட்போனே போச்சு. விலை கம்மியான மாடல்ல இதைப் பாக்காம வாங்கினா ரெண்டாவது வருஷம் தெரியும்.

இன்னொன்னு, ரெக்சின் பேட்டைத் தூக்கிட்டு வெலூர் போட்டா சவுண்டு மாறும். அடைப்பு குறையறதால க்ளோஸ்ட் பேக்ல பேஸ் இறங்கும், பேட் தடிமன் மாறினா ஸ்பீக்கருக்கும் காதுக்கும் தூரம் மாறும், அதுலயும் மாறும். "பேட்தானே"ன்னு கிடைச்சதை வாங்கி மாட்டிட்டு ஹெட்போன் கெட்டுப் போச்சுன்னு சொல்லாதீங்க.

6. இப்பதான் சவுண்டு

வலிக்கவும் இல்ல, வேர்க்கவும் இல்ல, ஆனா அரை மணி நேரத்துல போதும்னு தோணுதுன்னா ட்ரெபிள், அதாவது கீச்சுனு வர்ற மேல் சத்தம், அதிகமா இருக்க வாய்ப்பு அதிகம். கடைல அஞ்சு நிமிஷம் கேக்கும்போது ட்ரெபிள் தூக்கலா இருக்குறதுதான் "அடேங்கப்பா எவ்வளவு டீட்டெயில்"னு தோணும், வீட்ல ஒரு மணி நேரம் கேட்டா பாடுறவங்க சொல்ற ஒவ்வொரு "ஸ"வும் "ச"வும் ஊசி மாதிரி இறங்கும். டிடி 990 ப்ரோ உக்கார ரொம்ப சொகுசான ஹெட்போன், வெலூர் பேட், வெயிட்டும் கம்மி, ஆனா ட்ரெபிள் தூக்கல்னு பேர் வாங்கினது. அதை வாங்குறவங்க ஈக்வலைசர்ல 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் இறக்கிக் கேக்கத் தயாரா இருக்கணும். ஹெச்டி 650 அந்தப் பக்கம் அடக்கமா இருக்கும், முதல் தடவை கேக்கும்போது சப்புன்னு இருக்குன்னு கூட சிலர் சொல்லுவாங்க, ராத்திரி முழுக்க கேட்டாலும் காது களைக்காது.

செக் பண்ண வயலின், நாதஸ்வரம், பெண் குரல் இதெல்லாம் இருக்குற ரெக்கார்டிங் எடுத்துக்கோங்க. பேஸ் தெறிக்குற பாட்டை மட்டும் போட்டுப் பாத்தா இந்தப் பிரச்னை வெளிய வராது. ரெண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது வால்யூமை காதுக்கு ஒரே அளவா வெச்சுக்கோங்க, இல்லன்னா சத்தமா இருக்குறதுதான் நல்லா இருக்குற மாதிரி தோணும்.

வால்யூம் பத்தி ஒரே ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்ற அளவு 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏத்தும்போதும் நேரம் பாதியாகும், 90 டெசிபல்ல கேட்டா வாரத்துக்கு நாலு மணி நேரம்தான். ஒரு கச்சேரி, ரெண்டு ஆல்பம், முடிஞ்சு போச்சு கோட்டா. மணிக்கணக்கா கேக்குறவங்க அமைதியான இடத்தைத் தேடணும்னு மூணாவது பகுதில அவ்வளவு சொன்னது இதுக்காகத்தான்.

7. கேபிளும் ஆம்ப்பும்

சுருக்கமா சொல்லிடுறேன். பெட்டில ஓம்னு ஒரு நம்பர் இருக்கும், அது ஹெட்போனோட மின்தடை. 300 ஓம், 250 ஓம்னு போட்டிருக்குறதை போன்ல நேரா குத்தினா வால்யூம் பத்தாம போகலாம், டாங்கிளோ (போன்ல குத்துற சின்ன அடாப்டர்) ஆம்ப்போ (சத்தத்தை ஏத்தித் தர்ற பெட்டி) வேணும். ஆம்ப் வந்துட்டா நீங்க மேஜை பக்கத்துலதான் உக்காரணும், ஈஸி சேர் வாசல் பக்கம் இருந்தா கதை கந்தல். ஈஸி சேர்ல உக்கார்றவங்க 32 ஓம்ல இருந்து 50 ஓம் பக்கம் இருக்குறதை வாங்குங்க, ஹெச்டி 599 மாதிரி.

கேபிள் 3 மீட்டர்னா தரைல கெடக்கும், கால்ல மாட்டும், ஹெட்போனைக் கீழ இழுக்கும். 1.2 மீட்டர்னா தலையைத் திருப்பும்போது சுண்டி இழுக்கும். கழட்டி மாத்துற கேபிள் இருக்குற மாடல்னா இந்தக் கவலையே இல்ல.

8. போட்டுப் பாக்குறது எப்படி

கடைல ஏசி ஓடும், நின்னுக்கிட்டே போடுவீங்க, பின்னாடி ரெண்டு பேர் காத்துக்கிட்டு இருப்பாங்க. அந்த இடத்துல வேர்வையும் தெரியாது, உச்சி வலியும் தெரியாது. அதனால கடைல தெரியுறதை மட்டும் பாருங்க: காது உள்ள இடிக்குதா, கண்ணாடியோட ஒத்துப் போகுதா, ஹெட்பேண்டைக் கடைசி வரைக்கும் இழுத்தாத்தான் காதுக்கு வருதா. கடைசி வரைக்கும் இழுக்க வேண்டியிருந்தா அது உங்க தலைக்குச் சின்னது, விட்டுடுங்க.

ஆன்லைன்ல வாங்குறதுன்னா ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ரிட்டர்ன் கண்டிஷனைப் படிங்க. நிறைய இடத்துல ரீப்ளேஸ்மென்ட்னு மட்டும்தான் இருக்கும், அதாவது பீஸ் கெட்டிருந்தா அதே மாடல்ல வேற பீஸ் தருவாங்க, தலைக்கு ஒத்து வரலன்னா காசு திரும்ப வராது. ரீஃபண்ட்னு தெளிவா போட்டிருக்கான்னு பாருங்க.

வீட்டுக்கு வந்ததும் கவரைக் கிழிக்காம பத்திரமா வெச்சுட்டு, வெயில் நேரத்துல ஏசி போடாம ஒரு தடவை, ராத்திரி சாஞ்சு உக்காந்து ஒரு தடவைன்னு ஒரு மணி நேரத்துக்குக் குறையாம போடுங்க. நடுவுல கழட்டக் கூடாது, கழட்டிக் கழட்டிப் போட்டா வலியே தெரியாது. முதல்ல எழுதி வெச்சீங்களே, அந்த இடத்துல வலி வருதான்னு பாருங்க. அங்க வந்துச்சுன்னா யோசிக்காம திருப்பி அனுப்புங்க. வேற இடத்துல லேசா வந்தா அடுத்த பகுதில இருக்குறதை முயற்சி பண்ணுங்க.

9. வாங்கினப்புறம் சரி பண்ணக்கூடியது

முதல்ல ஹெட்பேண்ட் உயரம். ரெண்டு பக்கமும் ஒரே க்ளிக் எண்ணிக்கைன்னு கண்ணை மூடிக்கிட்டு வெக்காதீங்க, ரெண்டு காதும் ஒரே உயரத்துல இருக்கறது கிடையாது. ஒரு பக்கம் ஒரு க்ளிக் கூட்டிப் பாருங்க. அப்புறம் ஹெட்பேண்டை அரை அங்குலம் முன்னாடி, அரை அங்குலம் பின்னாடி நகத்திப் பாருங்க, உச்சி வலி பாதி இதுலயே போகும்.

கிளாம்ப் இறுக்கம்னா தலை அகலத்தை விட கொஞ்சம் அதிகமா புத்தகங்களை அடுக்கி, அது மேல ஹெட்போனை மாட்டி ராத்திரி முழுக்க விடுங்க. காலைல போட்டுப் பாத்துட்டு தேவைன்னா இன்னொரு ராத்திரி. உள்ள இரும்புப் பட்டை இருக்குற மாடல் இதுக்குக் கேக்கும், முழுக்க பிளாஸ்டிக்னா விரிசல் விடும், கையால வளைக்கவே வளைக்காதீங்க. நடுநடுவுல குனிஞ்சு பாக்கணும், நழுவ ஆரம்பிச்சா அதோட நிறுத்திடணும்.

காது உள்ள லேசா உரசுதுன்னா பேட்டைக் கழட்டி, அதோட ஓரத்துக்குக் கீழ வட்டமா வெட்டின மெல்லிசு ஸ்பாஞ்ச் வளையம் ஒன்னு வெச்சு மாட்டினா கொஞ்சம் ஆழம் கிடைக்கும். ஸ்பீக்கருக்கு முன்னாடி எதுவும் வராம பாத்துக்கோங்க.

வெலூர் பேட்டைக் கழட்டி லேசான சோப்புத் தண்ணில அலசி நிழல்ல காய வைங்க, உள்ள ஸ்பாஞ்ச் முழுசா காயறதுக்கு முன்னாடி மாட்டக் கூடாது. ரெக்சினை ஒவ்வொரு தடவையும் காஞ்ச துணியால துடைச்சா போதும், ஸ்பிரிட்டு, சானிடைசர் எதுவும் வேண்டாம், பூச்சு இன்னும் சீக்கிரம் உரியும். பேட் தட்டையாகி, முன்னாடி படாத காது இப்ப உள்ள படுது, பேஸும் முன்ன மாதிரி இல்லன்னா ஹெட்போனை மாத்த வேண்டாம், பேட்டை மட்டும் மாத்துங்க, அதுவும் ரெண்டு பக்கமும் சேர்த்து.